யோபுவின் கதையில் நாம் தாண்டிப் போகும் பக்கங்கள்

கராமாவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூன்று தேதிகள் மறக்கவே மறக்காது. விசா முடியும் தேதி, வாடகை செக் பாஸ் ஆகும் தேதி, ஸ்கூல் ஃபீஸ் கட்டும் தேதி. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரே பெட்ரூம் உள்ள வீட்டில் பெரியவர்கள் ராத்திரி மெதுவாகப் பேசிக்கொள்வது தானாகக் காதில் விழும், அவ்வளவுதான்.

அந்த மூன்று தேதிகளும் அப்பாவின் வேலை என்ற ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. வேலை போனால் விசா கேன்சல். அதற்குப் பிறகு நாட்டில் இருக்க முப்பது நாள்தான். 2022 அக்டோபரில் வந்த புது விதிகள்தான் அந்த அவகாசத்தை நீட்டின. வருஷத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வாடகை செக் பணமில்லாமல் திரும்பினால் போலீஸ் கேஸ். அதுவும் 2022 ஜனவரியில்தான் பெரும்பாலும் குற்றவியல் சட்டத்திலிருந்து வெளியே வந்தது. வேலை இழந்தவர்களுக்கு மூன்று மாதம் வரை அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் தரும் காப்பீடு 2023ல் வந்தது. நம் அப்பாக்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது. 2009 நவம்பரில் துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடனைக் கட்ட அவகாசம் கேட்டு அது உலகச் செய்தி ஆனபோது, கட்டுமான வேலையை நம்பி இருந்த பல குடும்பங்கள் ஏற்கெனவே பெட்டி கட்டியிருந்தன.

அப்படி வேலை போன வாரத்திலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். ஆமாம், வெள்ளிக்கிழமை. 2022ல் அரசு வார விடுமுறையை சனி, ஞாயிறுக்கு மாற்றும் வரை நம்முடைய ஞாயிறு வெள்ளிக்கிழமைதான். கராமாவிலிருந்து ஊத் மேத்தாவுக்கு வெயில் இல்லாத மாதங்களில் நடந்தே போய்விடலாம். அங்கே ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் 1967ல் எழுந்தது புனித மரியன்னை கத்தோலிக்க ஆலயம். இப்போது இருக்கும் பெரிய கட்டடம் 1989ல் வந்தது. பக்கத்திலேயே ஹோலி டிரினிட்டி வளாகம். ஒரே வளாகத்தில் ஒரு ஹாலில் மலையாள ஆராதனை, அடுத்ததில் தமிழ், அதற்கடுத்து ஃபிலிப்பினோ சபை. ஒருவர் பாட்டு முடியும் முன்பே அடுத்தவர் பாட்டு சுவர் வழியாக வந்துவிடும்.

அங்கே கிடைத்த உதவியை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. பிரியாணிப் பொட்டலம் என்று கையில் கொடுப்பார்கள், அடியில் கவரில் பணம் இருக்கும். பிள்ளையின் ஸ்கூல் பஸ்ஸை நிறுத்திவிட்டால் அடுத்த பில்டிங் அங்கிள் காரில் கூட்டிப் போவார். ஊருக்குப் போகும் குடும்பத்தின் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் அது பெறாத விலை கொடுத்து வாங்கிக்கொள்வார் இன்னொருவர்.

ஆனால் வார்த்தைகள் வேறு மாதிரி இருந்தன. "எங்கேயோ ஆண்டவருக்குப் பிரியமில்லாதது நடந்திருக்கு, யோசிச்சுப் பாருங்க அண்ணே." "காணிக்கை ஒழுங்கா கொடுத்தீங்களா?" "இன்னும் பெரிய வேலை கொடுக்கத்தான் இதை எடுத்திருக்கார்." சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிரியாணிக்கு அடியில் கவர் வைத்ததும் அவர்களே. சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு எதையாவது சொன்னார்கள். அதைக் கேட்டு வளர்ந்த நம்மில் சிலருக்கு நெஞ்சில் கணக்கு ஒன்று பதிந்துவிட்டது: நல்லபடி ஜெபித்தால் நல்லது நடக்கும், கெட்டது நடந்தால் ஜெபம் போதவில்லை. இன்று டொரண்டோவிலோ மஸ்கட்டிலோ உட்கார்ந்து நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கை எதிர்த்து ஒரு முழுப் புத்தகமே பைபிளுக்குள் இருக்கிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. யோபு.

நாம் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்கிறோம்? யோபு நல்லவர், பணக்காரர். ஒரே நாளில் ஆடு மாடு, ஒட்டகம், பிள்ளைகள் எல்லாம் போய்விட்டன. உடம்பெல்லாம் புண். ஆனாலும் கடவுளைத் தூஷிக்கவில்லை. கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது. ஆமென், குட் நைட். பாருங்க, 42 அதிகாரத்தில் நாம் சொன்னது முதல் இரண்டும் கடைசி ஒன்றும். நடுவில் இருக்கும் முப்பத்தொன்பதைத் தாண்டிவிட்டோம்.

நடுவில் யோபு பொறுமையாக இல்லை. மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். கடவுளைக் கோர்ட்டுக்குக் கூப்பிடாத குறையாக, என் மேல் என்ன குற்றம் என்று சொல்லும் என்று கேட்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். வந்ததும் அவர்கள் செய்தது அருமையான காரியம்: ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு வாயைத் திறந்தார்கள், கெட்டது. அவர்கள் பேச்சை வாசித்தால் நமக்குப் பழக்கமான குரல் கேட்கும். எங்கேயோ தப்பு நடந்திருக்கு, யோசிச்சுப் பார். மனந்திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும்.

கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது கேள்வி கேட்ட யோபு மேல் இல்லை. தன் சார்பில் வக்காலத்து வாங்கிப் பேசிய இந்த நண்பர்கள் மேல்! யோபு பேசினதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிற கருத்தில் அவர்களைக் கண்டிக்கிறார், அவர்களுக்காக யோபு ஜெபிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். கூச்சலும் அழுகையும் கேள்வியுமாகப் பேசினவனுடைய பேச்சுதான் கடைசியில் சரியான பேச்சு என்று நின்றது.

இன்னொன்று. 'இரட்டிப்பு' என்று நாம் சொல்வது பாதிதான் உண்மை. ஏழாயிரம் ஆடு பதினாலாயிரம் ஆனது. பிள்ளைகள் மட்டும் முதலில் இருந்தது போல ஏழு ஆண், மூன்று பெண். செத்தவர்கள் திரும்பி வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இதைச் சட்டென்று பிடித்துவிடும்: "அப்போ பழைய பிள்ளைங்க?" இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. தெரியாது என்று சொல்லிவிடலாம். பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். நாம் சமாளிப்பதைத்தான் அவர்கள் மறப்பதில்லை.

இது வெறும் பைபிள் ஆராய்ச்சி இல்லை. இந்தக் கதை ஒரு தமிழ்நாட்டு ஆளின் வாழ்க்கையையே திருப்பியிருக்கிறது.

1741ல் குளச்சலில் டச்சு கம்பெனிப் படைக்கும் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கும் சண்டை. டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனாய் என்ற அதிகாரி. அரசர் அவரைக் கொல்லவில்லை. வேலைக்கு வைத்துக்கொண்டார். டி லனாய் திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்தார், பிறகு அதன் தளபதியாகவே ஆனார். பிறந்த நாட்டை விட்டு வந்த இடத்தில் அகப்பட்டு, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே குடும்பமாகி, திரும்பிப் போகாமலே முடிந்த வாழ்க்கை. வளைகுடாக்காரர்களான நமக்கு இதில் பாதி புரியும்.

அதே அரசரிடம் வேலை பார்த்தவர் நட்டாலத்தில் 1712ல் பிறந்த நீலகண்டன். வீட்டில் ஆடு மாடு சாவு, பயிர் நஷ்டம் என்று அடுத்தடுத்து அடி. மனம் நொந்து கிடந்தவரிடம் டி லனாய் சொன்ன கதைதான் யோபு. போர்க்கைதியாக வந்த அந்நியன், நொடித்துப்போன உள்ளூர்க்காரனிடம் சொன்ன கதை.

நீலகண்டன் 1745 மே 14ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு வாங்கினார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கி தேவசகாயம் என்று வைத்தார்கள். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். அதற்குப் பிறகு ஆடு மாடு இரட்டிப்பாக வந்ததா? இல்லை. 1749ல் கைது. ஏன் கைது என்பதில் வரலாறு எழுதுகிறவர்களுக்குள் சண்டை இருக்கிறது. மதம் மாறியதும் சாதி பார்க்காமல் பழகியதும் காரணம் என்பது திருச்சபை சொல்வது. அரசுக்கு எதிரான குற்றம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டு போனார்கள், அடித்தார்கள் என்று மரபு சொல்கிறது. 1752 ஜனவரி 14ல் ஆரல்வாய்மொழி பக்கத்தில் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். எச்சம் கோட்டாறு ஆலயத்தில் இருக்கிறது. 2012 டிசம்பர் 2ல் நாகர்கோவிலில் அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தார்கள். 2022 மே 15ல் வத்திக்கானில் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெயர் தேவசகாயம் என்று மட்டும் வாசிக்கப்பட்டது, 'பிள்ளை' என்ற சாதிப் பெயர் இல்லாமல். இந்தியாவில் குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், குடும்பஸ்தராக இருந்து புனிதரான முதல் ஆள்.

கடைசி அதிகாரத்தை மட்டும் நம்பி வந்திருந்தால் அவர் இரண்டாம் வருஷமே திரும்பிப் போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரைத் தாங்கியது நடுவில் இருக்கும் பக்கங்கள்தான். நஷ்டம் தண்டனை இல்லை, அழலாம், கேட்கலாம், கேட்டுக்கொண்டே கூட நிற்கலாம் என்று சொல்லும் பக்கங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் அவசரம்? மட்டக்களப்பை நினைத்துப் பாருங்க. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் சண்டே ஸ்கூல் முடிந்து பிள்ளைகள் வெளியே நின்றிருந்த நேரத்தில் குண்டு வெடித்தது. இறந்த ஏறத்தாழ முப்பது பேரில் பலர் சிறுவர்கள். அந்தப் பிள்ளைகள் சற்று முன்புதான் ஜெபித்து முடித்திருந்தார்கள். 'ஜெபித்தால் ஒன்றும் ஆகாது' என்று சொல்லிக் கொடுத்த கணக்கை இந்த இடத்தில் எந்தப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்டுவது? அதே சபையார் வேறு ஒரு மண்டபத்தில் கூடி ஆராதனை நடத்தினார்கள். அவர்களுக்குக் கணக்கு நேராகிவிட்டதால் அல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். வேலை போனால், ஸ்கேன் ரிப்போர்ட் மோசமாக வந்தால், பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு ராத்திரி ஜெபத்தில் மட்டும் குரல் நடுங்க வேண்டாம். அவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும், நமக்குத் தெரிந்தது போல. அவர்கள் வயசுக்குத் தகுந்தபடி சொல்லிவிட்டு, அன்றைக்கு ஜெபத்தில் 'நன்றி' வரிசைக்கு முன்னால் 'ஏன்' என்ற கேள்வியையும் கேட்க விடலாம். சங்கீதப் புத்தகத்தில் நன்றிப் பாட்டுகளை விட முறையீடுகள் குறைவில்லை. தமிழில் வராவிட்டால் இங்கிலீஷில் கேட்கட்டும், மொழிச் சண்டையை அந்த ராத்திரி வைத்துக்கொள்ள வேண்டாம். சபையில் யாருக்காவது அடி விழுந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம். போகும் வழியில் ஒரே ஒரு விதி: ஆறுதல் வசனம் யாரும் சொல்லக்கூடாது, பாத்திரம் கழுவலாம். நம் பிள்ளைகளுக்கு இது நம்மை விட நன்றாக வரும். டேப்லெட்டை வாங்கி வைத்துவிட்டால் போதும்.

ஸ்கூல் லீவில் ஊருக்குப் போகிறவர்கள் நாகர்கோவில் பக்கம் ஒரு நாள் ஒதுக்குங்க. ஆரல்வாய்மொழியில் காற்றாடி மலை இருக்கிறது, ஜூலை, ஆகஸ்ட் என்றால் காற்று ஆளைத் தள்ளும், சுற்றிலும் காற்றாலைகள். திருவனந்தபுரம் ரோட்டில் தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. உள்ளே கூரை இல்லாத பழைய சர்ச் ஒன்றில் டி லனாயின் கல்லறை, பக்கத்தில் மனைவியும் மகனும். 1777ல் இறந்தார். கல்லறைக் கல்லில் ஒரு பக்கம் லத்தீன், ஒரு பக்கம் தமிழ். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை இருந்தால் முயன்று பார்க்கட்டும், பழைய எழுத்து, நமக்கும் முழுசாக வராது. யோபு கதையை அங்கே நின்று சொன்னால் பத்து நிமிஷம் ஆகும், நடுப் பக்கங்களையும் சேர்த்து.