வாரக் கூலியும் மாத வாடகையும்

முதலில் ஓர் எளிய கேள்வி. ஓர் ஆண்டில் எத்தனை சனிக்கிழமைகள் வருகின்றன? 365ஐ 7ஆல் வகுத்தால் 52 வாரங்களும் ஒரு நாள் மீதியும் கிடைக்கும். ஆகவே 52, சில ஆண்டுகளில் மட்டும் 53. இன்னொரு கேள்வி. ஓர் ஆண்டில் எத்தனை முறை வீட்டு வாடகை கொடுக்க வேண்டும்? 12 முறை.

இப்போது 52ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 4, மீதி 4. ஆறாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை தேடித் திருப்பூர் செல்லும் ஓர் இளைஞருக்கு இந்த மீதி மிகவும் முக்கியமானது. அங்கே பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதோறும் கூலி கொடுப்பது நெடுநாள் வழக்கம். வரவு வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. வாடகையோ மாதத்துக்கு ஒரு முறை போகிறது. இரண்டும் வேறு வேறு கடிகாரங்கள். இவற்றை ஒன்றோடொன்று பொருத்துவதுதான் வரவு செலவுத் திட்டத்தின் முதல் வேலை.

மூன்று கடிகாரங்கள்

உண்மையில் கடிகாரங்கள் இரண்டல்ல, மூன்று. செல்பேசிக்கு ரீசார்ஜ் செய்கிறோம் அல்லவா? பல திட்டங்களின் காலம் 28 நாள். 365ஐ 28ஆல் வகுத்தால் 13 வரும். ஆகவே 'மாதம் ஒரு முறைதானே' என்று நாம் நினைக்கும் செலவு ஆண்டுக்கு 13 முறை வருகிறது. வீட்டு மின்கட்டணமோ தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை. அதாவது ஆண்டுக்கு 6 முறை.

12, 13, 6 என்று வெவ்வேறாக வரும் செலவுகளை எப்படி ஒப்பிடுவது? பின்னங்களைக் கூட்டும்போது என்ன செய்வோம்? பொதுப் பகுதி காண்போம். இங்கும் அதே முறைதான். ஒவ்வொரு செலவையும் முதலில் ஆண்டுச் செலவாக மாற்ற வேண்டும். பிறகு 52ஆல் வகுத்தால், ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் செலவுக்காக எடுத்து வைக்க வேண்டிய தொகை தெரிந்துவிடும்.

மாதத்துக்கு நான்கு வாரம் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மாத வாடகை 1,500 ரூபாய் என்று கொள்வோம். நான்கால் வகுத்தால் 375. ஒவ்வொரு சனிக்கிழமையும் 375 ரூபாய் எடுத்து வைத்தால் 52 வாரங்களில் 19,500 ரூபாய் சேரும். கொடுக்க வேண்டிய வாடகையோ 18,000தான். ஆண்டு முடிவில் ஒரு மாத வாடகை கையில் மிச்சம்! ஐந்து சனிக்கிழமைகள் உள்ள மாதங்கள் தந்த மிச்சம் இது. இந்தக் கணக்கு தெரியாதவருக்கு ஐந்தாவது சனிக்கிழமைக் கூலி உபரிப் பணம்போலத் தோன்றும். சுவடு தெரியாமல் செலவாகிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு

திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 18 வயது இளைஞர் ஒருவர் திருப்பூருக்கு வருவதாகக் கற்பனை செய்வோம். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து ஒரு லைன் வீட்டில் தங்குகிறார். லைன் வீடு என்பது சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய சிறு வீடுகள். பவர் டேபிள், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று வேலைகள் பலவகை, கூலியும் பலவகை. ஆகவே கீழே வரும் தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக எடுத்துக்கொண்டவை மட்டுமே. உண்மைக் கூலியையும் வாடகையையும் விசாரித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஒரு ஷிப்டுக்குக் கூலி 500 ரூபாய் என்போம். வாரம் ஆறு ஷிப்டு, 3,000 ரூபாய். இது முழுவதும் கைக்கு வராது. வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 360 ரூபாய், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது 22 ரூபாய் 50 காசு. இவை போகக் கைக்கு வருவது 2,617 ரூபாய் 50 காசு.

பிடித்தத்தைக் கண்டு சிலர் வருந்துவார்கள். ஆனால் இதை நட்டம் என்று எண்ணக்கூடாது. வைப்பு நிதிக்கும் அதோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்துக்குமாக முதலாளியும் 12 சதவீதம் செலுத்த வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்கு வைப்பு நிதிக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். கம்பெனி மாறினாலும் கணக்கு எண் ஒன்றே தொடரும். புதிய இடத்தில் அதே எண்ணைக் கொடுத்தால் போதும். இ.எஸ்.ஐ.யில் மருத்துவம் கிடைக்கும். குறிப்பிட்ட நாள்கள் சந்தா செலுத்தியிருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குக் கூலியில் 70 சதவீதத்தை ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம்.

இனி செலவு. நம் முறைப்படி எல்லாவற்றையும் ஆண்டுச் செலவாக்கி, வாரப் பங்கைக் காண்போம்.

வாடகைப் பங்கு: 1,500 × 12 = 18,000. வாரத்துக்கு 346.
மின்கட்டணப் பங்கு: 400 × 6 = 2,400. வாரத்துக்கு 46.
செல்பேசி: 300 × 13 = 3,900. வாரத்துக்கு 75.
சமையல் பொருள், எரிவாயு: 900 × 52 = 46,800. வாரத்துக்கு 900.
டீ, பலகாரம், டவுன் பஸ்: 150 × 52 = 7,800. வாரத்துக்கு 150.
சோப்பு, முடிதிருத்தம், உடை: 100 × 52 = 5,200. வாரத்துக்கு 100.
ஊருக்குப் போய்வர: 500 × 6 = 3,000. வாரத்துக்கு 58.
வீட்டுக்கு அனுப்புவது: 500 × 52 = 26,000. வாரத்துக்கு 500.

மொத்தம் ஆண்டுக்கு 1,13,100 ரூபாய். வாரத்துக்கு 2,175 ரூபாய். கைக்கு வருவது 2,617 ரூபாய் 50 காசு அல்லவா? வாரம் 442 ரூபாய் 50 காசு மிஞ்சுகிறது. 52 வாரத்துக்குப் பெருக்கினால் 23,010 ரூபாய். நல்ல சேமிப்புத்தான் என்று தோன்றுகிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. அது என்ன?

மெலிந்த வாரங்கள்

எல்லா வாரமும் ஆறு ஷிப்டு வேலை கிடைக்கும் என்று நாம் எடுத்துக்கொண்டோம். பின்னலாடைத் தொழில் அப்படி ஓடுவதில்லை. வெளிநாட்டு ஆர்டர்கள் பருவத்தைப் பொறுத்து வருகின்றன. ஏற்றுமதி நாள் நெருங்கும்போது இரவு வரை வேலை இருக்கும். ஆர்டர் முடிந்து அடுத்தது வருவதற்கு முன் சில நாள் வேலை இருக்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனிகள் மூடியதும் தொழிலாளர்கள் ஊர்களுக்குப் புறப்படுவார்கள். சட்டப்படியான சம்பள விடுமுறை நாள்கள் போக, மற்ற நாள்களுக்கு ஷிப்டுக் கூலிக்காரருக்கு வரவு இல்லை.

ஓர் ஆண்டில் 42 முழு வாரங்கள், நான்கு ஷிப்டு மட்டுமே கிடைத்த 8 மெலிந்த வாரங்கள், கூலியே இல்லாத 2 வாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். மெலிந்த வாரத்தில் கூலி 2,000. பிடித்தம் போகக் கைக்கு வருவது 1,745. ஆண்டு முழுவதற்கும் கூட்டினால்:

42 × 2,617.50 = 1,09,935
8 × 1,745 = 13,960
மொத்தம் 1,23,895 ரூபாய்.

செலவு 1,13,100 போக மிச்சம் 10,795 ரூபாய். 23,010 எங்கே, 10,795 எங்கே! பத்தே வாரங்கள் மாறியதால் சேமிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. முழு வாரத்தை வழக்கமான வாரம் என்று நினைத்ததுதான் நம் தவறு.

ஊர் ஏரியை நினைத்துப் பாருங்கள். மழை ஆண்டில் சில நாள்கள் கொட்டுகிறது; பல நாள்கள் பெய்வதே இல்லை. பயிருக்கோ அறுவடை வரை தண்ணீர் வேண்டும். மழை பெய்த அன்றே மதகை முழுவதும் திறந்துவிடும் ஊரில் பயிர் கருகும். வரத்து ஏறி இறங்கினாலும் போக்கை ஒரே அளவில் வைப்பதற்காகவே ஏரி வெட்டினார்கள். முழு வாரத்தில் மிஞ்சும் 442 ரூபாய் ஏரிக்கு வரும் நீர். மெலிந்த வாரத்தில் பற்றாக்குறை 2,175 - 1,745 = 430 ரூபாய். ஆக, ஒரு முழு வாரத்தின் மிச்சம் ஒரு மெலிந்த வாரத்தைத் தாங்கும். கூலி இல்லாத இரண்டு வாரங்களைத் தாங்க 4,350 ரூபாய் வேண்டும். அதற்குப் பத்து முழு வாரங்களின் மிச்சம் தேவை. அப்படியானால் தீபாவளி விடுமுறைக்கான சேமிப்பை எப்போது தொடங்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். தீபாவளி போனஸ் வருமே என்பீர்கள். வரும்போது அதை ஏரியில் சேர்க்கலாம். வருவதற்கு முன்பே செலவுக் கணக்கில் எழுதக்கூடாது.

எந்திரங்கள் நின்ற நாள்கள்

எதிர்பாராத வறட்சியும் உண்டு. நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆறு காக்கப்பட வேண்டியதுதான். அதே சமயம் சாயமேற்றாத துணி தையலுக்கு வராது; ஓரிடத்தில் கதவு மூடினால் அடுத்தடுத்த இடங்களிலும் வேலை குறையும். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது எந்திரங்கள் வாரக்கணக்கில் ஓசையின்றிக் கிடந்தன. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, அமெரிக்க ஆர்டர்களை நம்பிய கம்பெனிகள் திகைத்தன. இவற்றில் எதற்கும் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவர் காரணமல்லர். ஆனால் அவருடைய சனிக்கிழமையை இவை பாதித்தன.

அப்படிப்பட்ட வேளையில் நம் இளைஞர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? வாடகை, மின்சாரம், செல்பேசி, சமையல் ஆகிய நான்கும் தள்ளிப்போட முடியாதவை. அவற்றைக் கூட்டினால் வாரத்துக்கு 1,367 ரூபாய். ஓராண்டுச் சேமிப்பான 10,795 ரூபாயை 1,367ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8. ஓராண்டு முழுவதும் கவனமாக இருந்தால், எட்டு வாரம் யாரிடமும் கைநீட்டாமல் இருக்கலாம். செலவுகளைத் தள்ளிப்போட முடிந்தவை, முடியாதவை என்று முன்கூட்டியே பிரித்து எழுதி வைப்பது இதற்காகத்தான்.

தட்டில் விழும் பங்கு

எர்ன்ஸ்ட் எங்கெல் என்பவர் ஜெர்மனியின் சாக்சனியைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர். (மார்க்ஸின் தோழரான ஏங்கெல்ஸ் வேறு, இவர் வேறு.) பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து, 1857இல் ஓர் உண்மையைச் சொன்னார்: வருமானம் குறைவாக உள்ள குடும்பத்தில் உணவுக்குப் போகும் பங்கு அதிகம், வருமானம் உயர உயர அந்தப் பங்கு குறையும். இதை எங்கெல் விதி என்கிறோம். இந்தியாவிலும் இது தெரிகிறது. தேசிய மாதிரி ஆய்வின்படி நகர்ப்புறக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 1999-2000இல் சுமார் 48 சதவீதம். 2023-24இல் சுமார் 40 சதவீதம்.

நம் இளைஞரின் கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு அனுப்பும் 500 நீங்கலாக அவர் செலவு 1,675. அதில் சமையலுக்கு மட்டும் 900. அதாவது 54 சதவீதம். டீயும் பலகாரமும் வேறு. சரி, இதனால் என்ன? உணவுக்கான வாரச் செலவு, டீ முதலியவற்றையும் சேர்த்து, 1,050 என்போம். விலைவாசி 10 சதவீதம் ஏறினால் வாரத்துக்கு 105 ரூபாய் கூடும். ஆண்டுக்கு 5,460 ரூபாய். சேமிப்பு 10,795இல் பாதி போயிற்று! விலை ஏறியது பத்தில் ஒரு பங்கு; சேமிப்பு குறைந்ததோ இரண்டில் ஒரு பங்கு. 1984இல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு நெடுநாள் வேலைநிறுத்தம் செய்ததன் பின்னால் உள்ள கணக்கு இதுவே. விலைவாசிக்கு ஏற்பக் கூலியும் ஏற வேண்டும் என்பதே பஞ்சப்படி.

பத்து வாரக் கடன்

ஏரி வறண்டால் பலர் கடனை நாடுவார்கள். "ஆயிரம் ரூபாய்க் கடன். நூறு பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் தருவேன். வாரம் நூறு வீதம் பத்து வாரம் கட்டினால் போதும்" என்கிறார் ஒருவர். வட்டி நூற்றுக்குப் பத்துதானே என்று தோன்றும். கவனமாகப் பாருங்கள். முதல் வாரத்தில் உங்கள் கையில் இருப்பது அவருடைய 900 ரூபாய். வாரந்தோறும் திருப்பிக் கட்டுவதால் கடைசி வாரத்தில் இருப்பது சுமார் 100தான். சராசரியாக உங்களிடம் இருந்த கடன் 500 ரூபாய். அதற்குப் பத்து வாரத்தில் 100 ரூபாய் வட்டி. அதாவது 20 சதவீதம். ஓர் ஆண்டில் இப்படிப்பட்ட பத்து வாரங்கள் 5.2 உள்ளன. ஆகவே ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது! கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்ற கொடுவட்டிகளைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

நண்பர்களே, தனியாக வாழப் போகும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். வீட்டில் அனுமதி பெற்று, நான்கு வாரச் செலவுகளை அன்றன்றே எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறது என்று அருகில் குறியுங்கள். 52ஆல் வகுத்து வாரப் பங்கைக் காணுங்கள். உணவின் பங்கு எத்தனை சதவீதம்? தள்ளிப்போட முடியாதவை எவை?

திருப்பூரிலோ வேறு ஊரிலோ வேலை பார்க்கும் அண்ணன், அக்கா யாராவது ஊருக்கு வந்தால் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். போன ஆண்டில் எத்தனை முழு வாரம் வேலை இருந்தது? வீட்டுக்கு அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார்? வேலையில் சேர்ந்து முதல் கூலி வாங்கும் வரை எதை வைத்துச் சாப்பிட்டார்? கடைசி இரண்டு கேள்விகளுக்கான பதில்களையும் கூட்டுங்கள். பாய், பாத்திரம், அடுப்பு ஆகியவற்றின் விலையையும் சேருங்கள். ஊரிலிருந்து பஸ் ஏறும்போதே கையில் இருக்க வேண்டிய தொகை அதுதான்.