படம் முடிந்தது, வாக்குவாதம் தொடங்கியது

மாணவர்களே, ‘ஜுராசிக் வேர்ல்டு: ரீபெர்த்’ படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் திரைக்கு வந்த இது, அந்தத் தொடரின் ஏழாவது படம். திரையரங்கை விட்டு வெளியே வந்து, பக்கத்து மாமாக் கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் ஆளுக்கொரு கருத்து கிளம்பியிருக்கும். “சூப்பர்” என்று ஒருவர். “முதல் படத்துக்கு ஈடாகாது” என்று இன்னொருவர். “எல்லாம் சும்மா கிராபிக்ஸ் லா” என்று கைப்பேசியைத் தடவிக்கொண்டே மூன்றாமவர்.

நடிப்பு, இசை பற்றி நாம் இங்கே பேசப் போவதில்லை. ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் கருத்துகளில் சில அறிவியலோடு மோதுகின்றன. சிலவற்றில் அவர்களுக்கே தெரியாமல் உண்மை இருக்கிறது. அடுத்த முறை அந்த மேசையில் நீங்கள் என்ன சொல்லலாம் என்று பார்ப்போம்.

“கடல் டைனோசர்தான் மிரட்டல்!” இதைச் சொல்லாத நண்பரே இருக்க முடியாது. அவர் சொல்வது மோசசோரஸ். அது மிரட்டல் என்பது சரி. டைனோசர் என்பது தவறு. நம் ஊர்ப் பெரிய கால்வாய் ஓரங்களில் வெயில் காயும் பியாவாக், அதாவது உடும்பு, பாம்பு ஆகியவற்றின் உறவுக்காரப் பல்லி அது. கடலுக்குப் போய்க் கால்கள் துடுப்பாக மாறிய பல்லி. படத்தில் வானத்தில் பறக்கும் குவெட்சால்கோட்லசும் டைனோசர் அல்ல. அது டெரோசார் எனப்படும் பறக்கும் ஊர்வனக் குடும்பம். இறக்கையை விரித்தால் ஏறக்குறைய 10 மீட்டர், ஒரு பள்ளிப் பேருந்தின் நீளம். கதையில் மூன்று பெரிய விலங்குகளின் இரத்தத்தைத் தேடிப் போகிறார்கள் அல்லவா? நிலம், கடல், வானம் என்ற அந்த மூன்றில் நிலத்தில் வாழும் டைட்டானோசோரஸ் மட்டுமே டைனோசர்.

எப்படிப் பிரிப்பது? டைனோசரின் கால்கள் உடலுக்கு நேர் கீழே தூண்போல நிற்கும். முதலைக்கும் பல்லிக்கும் இருப்பதுபோலப் பக்கவாட்டில் விரியாது. தொடையெலும்பு பொருந்தும் இடுப்புக் குழியில் ஒரு திறந்த துளையும் இருக்கும். அந்தத் துளையைப் பார்க்க அருங்காட்சியகம் போக வேண்டியதில்லை. வீட்டில் முழுக் கோழி சமைக்கும் நாளில் இடுப்பெலும்பை எடுத்துப் பாருங்கள். பறவைகள் டைனோசர்களின் நேரடி வாரிசுகள் என்பதால் கோழிக்கும் அந்தத் துளை உண்டு.

“பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் மட்டும்தான் டைனோசர் வாழுமாமே, அப்படியென்றால் நம் நாட்டிலும் வாழும்!” இதுவும் படத்திலிருந்து வரும் கருத்து. கதைக்கு வசதியான கற்பனை இது. உண்மையான டைனோசர்கள் குளிருக்குப் பயந்தவை அல்ல. அலாஸ்காவின் வடகோடியில் அவற்றின் எலும்புகள் கிடைக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த சில நாள்களே ஆன குஞ்சுகளின் சிறு பற்களும் எலும்புகளும்கூட அங்கே இருப்பதை 2021-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மாதக்கணக்கில் சூரியனே தெரியாத குளிர்காலத்தைக் கொண்ட அந்த இடத்திலேயே அவை குடும்பம் நடத்தியிருக்கின்றன.

ஆனால் அந்த நண்பரை முழுவதும் மடக்கிவிட முடியாது. நம் நாட்டில் டைனோசர் வாழ்ந்தது உண்மைதான். அதுவும் எந்த டைனோசர் தெரியுமா? படத்தில் மோசசோரசோடு கூட்டணி சேர்ந்து படகைத் துரத்துகிறதே, முதுகில் பாய்மரம் கொண்ட ஸ்பைனோசோரஸ், அதன் குடும்பத்தைச் சேர்ந்தது!

மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானின் வசேடா, குமாமோட்டோ பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 2012-இல் தேடலைத் தொடங்கினார்கள். 2014 பிப்ரவரியில் முடிவை அறிவித்தார்கள்: பகாங் மாநிலத்தின் உட்பகுதியில் ஒரு பல். நீளம் 23 மில்லிமீட்டர், அகலம் 10 மில்லிமீட்டர். உங்கள் சுண்டுவிரலின் கடைசிக் கணு அளவுதான். அதுதான் மலேசியாவில் உறுதி செய்யப்பட்ட முதல் டைனோசர் புதைபடிவம்.

ஒரே ஒரு பல்லை வைத்துக்கொண்டு குடும்பத்தையே சொல்லிவிட முடியுமா என்று உங்கள் நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலான இறைச்சி உண்ணி டைனோசர்களின் பல் கத்திபோலத் தட்டையாக, ஓரத்தில் இரம்பப் பற்களோடு இருக்கும். சதையை அறுக்கும் கருவி. ஸ்பைனோசோரஸ் குடும்பத்தின் பல் முதலைப் பல்போலக் கூம்பாக இருக்கும், மேற்பரப்பில் நீளவாக்கில் வரிகள் ஓடும். வழுக்கும் மீனைக் குத்திப் பிடிக்க ஏற்ற வடிவம் அது. பகாங் பல்லில் இந்த அடையாளங்கள் இருந்தன.

பல் மட்டும் ஏன் கிடைத்தது என்பதற்கும் காரணம் உண்டு. நமக்குப் பால்பல் விழுந்து ஒரு முறைதான் புதிய பல் முளைக்கிறது. டைனோசர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. பல்லின் மேல் பூச்சான எனாமலோ உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதனால் எலும்புக்கூடு அழிந்த இடத்திலும் பல் தப்பிவிடும். நம் நாட்டில் தேடுவது இன்னும் சிரமம். மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் பாறை வெட்டவெளியாகக் கிடக்கிறது. இங்கே பாறைக்கு மேல் ஆழமான மண், மண்ணுக்கு மேல் காடு, காட்டுக்கு மேல் ஆண்டு முழுவதும் மழை. வெளியே தலைகாட்டும் பாறையும் வெயிலிலும் ஈரத்திலும் விரைவாகச் சிதைகிறது.

அண்டை நாடான தாய்லாந்திலும் இந்தக் குடும்பத்தின் பற்கள் கிடைத்தன. அவற்றை வைத்து 1986-இல் ஒரு டைனோசருக்குச் சியாமோசோரஸ் என்று பெயர் வைத்தார்கள். படத்தின் தீவுக் காட்சிகள் பல தாய்லாந்தின் கிராபி போன்ற இடங்களில் எடுக்கப்பட்டவை. கணினியில் உருவாக்கிய ஸ்பைனோசோரஸ் ஓடிய நாட்டில், அதன் நிஜ உறவினர் உண்மையிலேயே மீன் பிடித்துத் திரிந்திருக்கிறது. ஆனால் ஸ்பைனோசோரசும் மோசசோரசும் கூட்டணி சேர வாய்ப்பே இல்லை. முன்னது மறைந்து 10 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேலான பிறகே பின்னது தோன்றியது.

“அந்த நீளக் கழுத்து விலங்கு வரும் காட்சியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது” என்று சொல்லும் தோழியும் உங்கள் கூட்டத்தில் இருப்பார். அவரிடம் டைட்டானோசோரசின் ஊர் எது என்று கேளுங்கள். அமெரிக்கா என்பார். இல்லை, இந்தியா. 1828-இல் மத்திய இந்தியாவின் ஜபல்பூர் அருகே ஸ்லீமன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி சில எலும்புகளைக் கண்டெடுத்தார். 1877-இல் ரிச்சர்ட் லைடெக்கர் அவற்றுக்கு ‘இந்தியாவின் டைட்டானோசோரஸ்’ என்ற பொருளில் பெயர் சூட்டினார். கிடைத்தவை சில முதுகெலும்புத் துண்டுகள் மட்டுமே என்பதால், அதைத் தனி இனமாக ஏற்க இன்றைய ஆய்வாளர்கள் பலர் தயங்குகிறார்கள். திரையில் கம்பீரமாக நடக்கும் விலங்குக்குப் பின்னால் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான்.

அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியில், கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்தது. பெயர் பிருகத்காயோசோரஸ், ‘பேருடல் பல்லி’ என்று பொருள். 1980-களின் பிற்பகுதியில் இதை விவரித்த யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்களும் முதலில் இறைச்சி உண்ணி என்றே நினைத்தார்கள். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட ஓர் எலும்பே 2 மீட்டர் நீளம்! வகுப்பறைக் கதவின் உயரம். பூமியில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இது இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் போக முடியாதபடி, அந்த எலும்புகள் உதிர்ந்து தூளாகிவிட்டன. மிஞ்சியவை வரைபடங்கள், அளவுகள், சில புகைப்படங்கள். அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். மறுபடி அளந்து பார்க்க எலும்பு கையில் இல்லாதபோது, சந்தேகத்துக்கு எப்படிப் பதில் சொல்வது? பகாங் பல் சிறியதுதான். ஆனால் அது பத்திரமாக இருக்கிறது.

இனி, ஆறு கால் அரக்கன். “அது டைனோசரா, வேற்றுக்கிரக வாசியா?” என்று கேட்ட நண்பரின் பக்கம்தான் நானும். முதுகெலும்புள்ள நில விலங்குகள் எல்லாம் நான்கு கை கால் என்ற பழைய வரைபடத்தில் உருவானவை. ஒட்டுண்ணிப் புழு தாக்கிய தவளைக் குஞ்சுகளுக்குக் கூடுதல் கால் முளைப்பதுண்டு. ஆனால் அந்தக் கால்கள் ஒழுங்காக வேலை செய்வதில்லை. தவளை நொண்டும், கொக்குக்கு இரையாகும்.

“டைனோசர் இரத்தத்தில் இதய நோய்க்கு மருந்தா? கதை விடுகிறார்கள்!” இந்த நண்பரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். டைனோசர் என்ற சொல்லை எடுத்துவிட்டால் இது கதை அல்ல. உங்கள் தாத்தா பாட்டி இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? அவ்வகை மாத்திரைகளில் ஒரு பெரிய பிரிவு, பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. அதில் முதலாவதான கேப்டோபிரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பர்மிய மலைப்பாம்பு இன்னும் விந்தை. பெரிய இரையை விழுங்கிய இரண்டு மூன்று நாள்களில் அதன் இதயம் ஏறக்குறைய 40 விழுக்காடு பெரிதாகி, செரித்து முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. இதயத்தை வளர்க்கும் கொழுப்பு அமிலங்கள் அதன் இரத்தத்தில் இருப்பதை 2011-இல் கண்டறிந்தார்கள். அவற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளின் இதயமும் வளர்ந்தது.

கடைசியாக, எல்லா மேசையிலும் வரும் கேள்வி: “கொசு, பிசின், டி.என்.ஏ. எல்லாம் நடக்குமா, நடக்காதா?”

நடக்காது. ஏன் என்று நீங்களே கணக்குப் போடலாம். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவைகளின் 158 எலும்புகளை ஆராய்ந்து, 2012-இல் ஓர் அளவைச் சொன்னார்கள். அந்த எலும்புகள் கிடந்த சூழலில், 521 ஆண்டுகளுக்கு ஒரு முறை டி.என்.ஏ.வின் இணைப்புகளில் பாதி அறுந்துபோகிறது. அடுத்த 521 ஆண்டில் மிச்சத்தில் பாதி. ஒரு காகிதத்தைப் பாதியாகக் கிழியுங்கள், மறுபடி பாதியாகக் கிழியுங்கள். பத்தாவது முறையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்; அதற்கு 5,210 ஆண்டுகள். கடைசி டைனோசர்கள் மறைந்து 66 மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன. 66 மில்லியனை 521-ஆல் வகுத்தால், ஒரு லட்சத்து இருபதாயிரம் முறைக்கு மேல் கிழிக்க வேண்டும். குளிர் இந்த வேகத்தைக் குறைக்கும்; ஆனாலும் இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய டி.என்.ஏ., கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்த 2 மில்லியன் ஆண்டுப் பழமையானதுதான்.

ஆனால் “அழிந்ததைத் திரும்பக் கொண்டுவருவது” என்ற கேள்வி நம் நாட்டுக்குத் தூரத்து விஷயம் அல்ல. சபாவில் தாம் என்ற ஆண் சுமத்திரா காண்டாமிருகம் 2019 மே மாதம் இறந்தது. அதே ஆண்டு நவம்பரில் இமான் என்ற பெண் காண்டாமிருகமும் இறந்தது. மலேசியாவின் கடைசி சுமத்திரா காண்டாமிருகம் அதுதான். நீங்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டில், டி-ரெக்சுக்கு நேர்ந்தது நம் மண்ணில் ஓர் இனத்துக்கு நேர்ந்தது.

இங்கே 66 மில்லியன் ஆண்டுச் சிக்கல் இல்லை. தாம், இமான், 2017-இல் இறந்த புந்துங் ஆகிய மூன்றின் உயிரணுக்களும் எடுத்துப் பாதுகாக்கப்பட்டன. மலேசிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை வைத்துப் பணியாற்றுகிறார்கள். எந்த வகை உயிரணுவாகவும் மாறக்கூடிய குருத்தணுக்களிலிருந்து கருமுட்டையையும் விந்தணுவையும் உருவாக்குவது ஒரு வழி. 1996-இல் டாலி என்ற ஆட்டைப் படியெடுத்த முறை இன்னொரு வழி. இரண்டிலும் கருவைச் சுமக்க ஒரு தாய் வேண்டும். அதே இனத் தாய்க்கு இந்தோனேசியாவைத்தான் கேட்க வேண்டும். அங்கே காட்டிலும் காப்பகத்திலும் சேர்த்து உயிரோடு இருப்பவை 80-க்கும் குறைவு.