சீன வைத்தியம்: ஊசி வேறு, மருந்து வேறு

முழங்கால் வருத்தத்தால் சுஜூதுக்குப் போக முடியாமல், கதிரையில் உட்கார்ந்து தொழும் உம்மாமார் இல்லாத வீடு நம்மில் குறைவு. அந்த உம்மாவைச் சுகம் விசாரிக்க வருகிறவர்களில் ஒருவராவது சீன வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் போவதில்லை. "ஊசி வைத்தால் பத்து நாளில் எழும்பி நடக்கலாம்" என்பார் ஒருவர். "ஊசி எதற்கு? சீனக் குளிசை இருக்கிறது. முழுக்க மூலிகை. ஒரு கேடும் செய்யாது" என்று கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வைப்பார் இன்னொருவர்.

இந்த இரண்டு ஆலோசனைகளையும் ஒரே தராசில் போடக் கூடாது. அக்குபங்சர் எனப்படும் ஊசி வைத்தியமும் சீன மூலிகை மருந்தும் ஒரே மண்ணில் பிறந்தவைதான். ஆனால் அவை உடலில் செய்கின்ற வேலையும், தருகின்ற பலனும், விளைவிக்கக்கூடிய கேடும் வெவ்வேறானவை. "முழுக்க மூலிகை" என்ற சொல்லை நம்பிய நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், தங்கள் சிறுநீரகங்களைப் பழுதாக்கிக்கொண்ட கதையொன்று உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

சீன வைத்தியம் முஸ்லிம்களுக்கு அந்நியமானதல்ல. பாரசீகத்தை மங்கோலியர் ஆண்ட காலத்தில், வரலாற்றாசிரியரும் வைத்தியருமான ரஷீதுத்தீன் என்ற அமைச்சர் சீன வைத்திய நூல்களைப் பாரசீக மொழிக்குக் கொண்டுவரச் செய்தார். 1313 அளவில் தப்ரீஸ் நகரில் உருவான அந்நூலில் சீனரின் நாடி பார்க்கும் முறை படங்களோடு விளக்கப்பட்டிருக்கிறது. கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. சீனாவில் வாழ்ந்த முஸ்லிம்களின் வைத்தியக் குறிப்புகள் சீன மொழியில் 36 பாகங்களாகத் தொகுக்கப்பட்டன. அவற்றில் எஞ்சிய 4 பாகங்கள் இன்று பீஜிங் தேசிய நூலகத்தில் உள்ளன. மருந்துப் பெயர்கள் பல அவற்றில் அறபு எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே "இது காபிர்களின் வைத்தியம்" என்று ஒதுக்கவும் தேவையில்லை, "ஐயாயிரம் வருஷத்துப் பழசு" என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் தேவையில்லை. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. தேடுவதென்றால் விசாரித்துத் தேடுவதுதான்.

ஊசியால் ஆவது என்ன?

அக்குபங்சர் ஊசி நாம் பயப்படும் ஊசியல்ல. அதற்குள் துவாரமில்லை, மருந்தும் இல்லை. தலைமயிரை விடச் சற்றுத் தடித்த எஃகுக் கம்பி, அவ்வளவுதான். குத்தியதும் வைத்தியர் அதை இலேசாகத் திருகுவார். அப்போது அந்த இடத்தில் ஒரு கனம், ஒரு விறைப்பு, சில வேளை ஒரு மின்னல் போன்ற உணர்வு வரும். பின்னர் இருபது முப்பது நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும்.

உடலில் "ச்சீ" என்ற உயிர்ச்சக்தி குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்படும்போது நோய் வருகிறது, ஊசி அத்தடையை நீக்குகிறது என்பது சீனரின் பழைய விளக்கம். உடலை வெட்டிப் பார்த்த எவரும் அந்தப் பாதைகளைக் கண்டதில்லை. ஊசி நரம்பைத் தூண்ட, உடல் தானே சுரக்கும் என்டோர்பின் என்ற வலிதணிப்புப் பொருள் வெளிப்படுகிறது என்பது இன்றைய ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் முக்கியமானது.

மேற்கு நாடுகள் இந்த ஊசியைப் பரவலாக அறிந்தது ஒரு பத்திரிகையாளரின் வயிற்று வலியால்தான். 1971 ஜூலையில் சீனா சென்றிருந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. பீஜிங் ஆஸ்பத்திரியொன்றில் சத்திரசிகிச்சை நடந்தது. மறுநாள் இரவு வயிறு ஊதி வேதனைப்பட்டபோது, வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் ஊசி வைத்து, ஒரு மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே பிடித்தார்கள். வேதனை தணிந்தது. ஊர் திரும்பிய பின்னர் கதை வாய்க்கு வாய் வளர்ந்து, மயக்க மருந்தே இல்லாமல் ஊசியால் மட்டும் அவர் வயிற்றைக் கிழித்தார்கள் என்று ஆகிவிட்டது. உண்மையில் சத்திரசிகிச்சைக்கு வழக்கமான மருந்தை ஏற்றித்தான் விறைக்கச் செய்தார்கள். ரெஸ்டனே அதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். அதைச் சொல்ல யாருக்கும் ஆர்வமில்லை!

நம் நாட்டிலும் இந்த ஊசிக்கு ஒரு வரலாறு உண்டு. களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பேராசிரியர் அன்டன் ஜயசூரிய நடத்திய அக்குபங்சர் பிரிவுக்கு நோயாளர்கள் மட்டுமல்ல, படிப்பதற்கென்று வெளிநாட்டு வைத்தியர்களும் வந்தார்கள்.

சரி, பலன் உண்டா? ஜேர்மனியில் நீண்டகால இடுப்பு வலியுள்ள 1162 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து ஒரு பெரும் ஆய்வு நடத்தினார்கள். ஒரு கூட்டத்துக்குச் சீன முறைப்படி உரிய இடங்களில் ஊசி. இன்னொரு கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது கூட்டத்துக்கு வழமையான மருந்தும் உடற்பயிற்சியும். 2007ஆம் ஆண்டு முடிவு வெளியானது. ஆறு மாதத்தின் பின் முதற் கூட்டத்தில் நூற்றுக்கு 47.6 பேருக்குக் குணம் தெரிந்தது. பொய்யாகக் குத்தியவர்களிலும் 44.2 பேருக்குக் குணம்! வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 பேருக்கே.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? ஊசி வைத்தவர்கள் நலமடைந்தார்கள் என்பது மெய். ஆனால் இந்த இடத்தில்தான் குத்த வேண்டும் என்ற சீனரின் நுணுக்கமான வரைபடம் அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது. குத்தலுக்கும் பங்கு இருக்கலாம், நம்பிக்கைக்கும் பங்கு இருக்கலாம். வாரத்தில் இரண்டு முறை அரைமணி நேரம் யாரும் கூப்பிடாமல் அமைதியாகப் படுத்திருப்பதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? எப்படியோ, நீண்டகால இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்வு வலிக்கும் இந்தச் சிகிச்சையின் செலவைப் பொதுக் காப்புறுதியிலிருந்து கொடுக்க ஜேர்மனி 2006இல் முடிவு செய்தது. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் குறைப்பதற்கும் ஊசி உதவுவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

குமட்டலுக்கும் இது பயன்படுகிறது. இதற்கு ஊசிகூட வேண்டாம். உள்ளங்கை மேலே பார்க்கக் கையை நீட்டுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக உங்கள் மூன்று விரல் அகலம் தள்ளினால், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். பெருவிரலால் அதைச் சில நிமிடம் அழுத்துங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலையும் சத்தியையும் இது குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கர்ப்பகாலக் குமட்டலுக்குச் சான்று அவ்வளவு பலமாக இல்லை, என்றாலும் அழுத்திப் பார்ப்பதில் நட்டமில்லை. தண்ணீர்கூட வயிற்றில் தங்காதளவு சத்தியென்றால் கையை அழுத்திக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிள்ளைப் பேறுக்காக ஊசி வைக்கப் போகும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. கருமுட்டை சரியாக வெளிப்படாத பீ.சீ.ஓ.எஸ். என்ற கோளாறுள்ள 1000 பெண்களை வைத்துச் சீனாவிலேயே நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. குளோமிபீன் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 28, 29 பேர் பிள்ளை பெற்றார்கள். குளிசை இல்லாமல் உண்மையான ஊசி மட்டும் வைத்தவர்களில் 14 பேர்தான். பொய் ஊசி வைத்தவர்களில் 17 பேர்! இந்தக் கோளாறுக்கு ஊசியை நம்பி வருஷக்கணக்கைக் கழிப்பது, திரும்பி வராத வயதைக் கழிப்பதாகும். மாமிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

சீனி வருத்தம், பிரஷர், புற்றுநோய் ஆகியவற்றுக்கான மருந்தை நிறுத்திவிட்டு ஊசி வைத்தால் போதும் என்று சொல்லும் வைத்தியரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

ஊசியால் வரும் கேடு பெரும்பாலும் ஊசியில் இல்லை, அதைப் பிடிக்கும் கையில் இருக்கிறது. ஒருவருக்குக் குத்தியதைச் சரியாகக் கிருமி நீக்காமல் மற்றவருக்குக் குத்தியதால் ஈரல் அழற்சி பரவிய சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. ஒருமுறை மட்டும் பாவிக்கும் ஊசிப் பக்கற்றை உங்கள் கண் முன்னே உடைக்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். நெஞ்சிலும் தோளிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம் என்பதால், பயிற்சி பெறாதவரிடம் போகக் கூடாது. கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். அதிகம் பாவிக்கும் இடங்களில் பல முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழேயே உள்ளன. ஆனாலும் பெண் வைத்தியர் இருந்தால் அவரையே தேடுங்கள். நோன்பில் ஊசி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போஷாக்கு எதுவும் உட்செலுத்தாத ஊசி நோன்பை முறிக்காது என்பது இக்கால உலமாக்கள் பலரின் கருத்து.

மூலிகையின் இரண்டு முகங்கள்

இனி மருந்துக்கு வருவோம். சீன மூலிகையின் பெருமைக்குச் சாட்சி தூ யூயூ என்ற பெண்மணி. 1967இல் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேடும் இரகசியத் திட்டமொன்றை ஆரம்பித்தது. அதில் சேர்க்கப்பட்ட தூ யூயூ பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டு நூலொன்றில், நமது மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, காய்ச்சலுக்குக் குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! வெப்பம்தான் மருந்தைக் கெடுக்கிறது என்று அவருக்கு உறைத்தது. குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாரத்தைப் பிரித்தார். 1971 ஒக்டோபரில், 191ஆம் இலக்க மாதிரி மலேரியாக் கிருமியை முற்றாக அழித்தது. மற்றவர்களுக்குக் கொடுக்குமுன் தாமே அதைக் குடித்துப் பார்த்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதைச் சொல்லித்தான் மூலிகை வியாபாரிகள் விற்கிறார்கள். ஆனால் தூ யூயூ செடியை அப்படியே விற்கவில்லை. சாரத்தைப் பிரித்து, அளவு கண்டு, சோதித்து மருந்தாக்கினார். அந்தச் செடியின் தேநீரை மலேரியாவுக்குக் குடிப்பதை உலக சுகாதார ஸ்தாபனம் இன்றும் அங்கீகரிக்கவில்லை.

மறுமுகத்தைப் பார்க்க பெல்ஜியம் போக வேண்டும். பிரஸல்ஸ் நகரில் உடல் மெலிய வைக்கும் கிளினிக் ஒன்று 1990இல் தன் குளிசைகளில் சீன மூலிகைகள் இரண்டைச் சேர்த்தது. ஓரிரு வருஷத்துக்குள், அதுவரை ஒரு குறையுமில்லாத இளம் பெண்கள் சிறுநீரகம் சுருங்கி ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். எல்லாரும் ஒரே கிளினிக்கில் மெலிய மருந்து எடுத்தவர்கள் என்பதை வைத்தியர்கள் கண்டுபிடித்து 1993இல் உலகுக்கு அறிவித்தார்கள். நடந்தது பெயர்க் குழப்பம். "ஃபாங்ஜி" என்ற சொல் சேர்ந்த பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்கு உண்டு. வேண்டிய செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி வந்து சேர்ந்திருந்தது. அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குகிறது. பழுதான சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது என்று 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறியது. மருந்தை நிறுத்திப் பல வருஷம் கழித்து! நம் பக்கத்து ஆடுதின்னாப்பாளையும், சிங்களத்தில் சப்சந்த என்னும் ஈஸ்வரமூலியும் இதே இனத்தைச் சேர்ந்தவை. சீனாவைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிவிட முடியாது.

பெயர் மாறாவிட்டாலும் கவனம் வேண்டும். சீனக் கலவைகள் பெரும்பாலானவற்றில் அதிமதுரம் சேரும். இருமலுக்கு நாம் கொஞ்சம் மெல்வது பிரச்சினையில்லை. நாளாந்தம் அதிகமாகப் போனால் உடலில் பொட்டாசியம் குறைந்து பிரஷர் ஏறும். மாதவிடாய்க் கோளாறுக்கென்று பெண்களுக்கு விற்கும் "டாங் குய்" வேர், வார்பரின் எடுக்கும் இருதய நோயாளருக்கு இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

சில வேளை மூலிகை மருந்தில் வேலை செய்வது மூலிகையே அல்ல. லண்டனில் தோல் வருத்தத்துக்கு விற்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளைப் பரிசோதித்தபோது 8இல் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொய்ட் கலந்திருந்ததாக 1999இல் தெரியவந்தது. மூட்டுவலிக் குளிசைகளிலும் இதே கலப்படம் பிடிபட்டிருக்கிறது. இரண்டு குளிசையில் உம்மா எழும்பி நடந்தால் சந்தோஷப்படுமுன் சந்தேகப்பட வேண்டும். ஸ்டெரொய்ட் சீனியையும் பிரஷரையும் கூட்டி, எலும்பையும் பலவீனமாக்கிவிடும். மெலிய விற்கும் "மூலிகை" கப்ஸ்யூல்களில், இருதய ஆபத்தினால் 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ரமின் அகப்பட்டதும் ஒரு முறையல்ல.

ஹலால் விஷயத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இரத்தம் ஊறுமென்று சீனர் கொடுக்கும் "அ ஜியாவ்", கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. வேர்களை மதுவில் ஊறவைப்பதும் அங்கே சாதாரணம். கப்ஸ்யூலின் கூடு எந்த மிருகத்தின் ஜெலட்டின் என்பதையும் கேட்க வேண்டும். "மூலிகை" என்ற தலைப்பின் கீழேதான் இவையெல்லாம் விற்கப்படுகின்றன.

முழங்கால் வருத்தமுள்ள அந்த உம்மாவை முதலில் டொக்டரிடம் காட்டி, வருத்தம் தேய்வா, வாதமா என்று அறிந்துகொள்ளுங்கள். தேய்வுதான் என்றால், பயிற்சி பெற்ற வைத்தியரிடம் சுத்தமான ஊசியால் ஏழெட்டு முறை வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். விருந்தாளி வைத்துவிட்டுப் போன போத்தலை மட்டும் வீட்டில் திறக்காமல், கிளினிக்குக்குப் போகும்போது மற்றக் குளிசைகளோடு எடுத்துச் சென்று டொக்டரின் மேசையில் வையுங்கள். ஏற்கெனவே குடித்திருந்தால் எத்தனை, எத்தனை நாள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.