‘ஆண்டோர்’: நல்லவனே இல்லாத ஒரு தொடரை ரசிகர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: தொடரின் முக்கியமான திருப்பங்கள் இந்தக் கட்டுரையில் இருக்கின்றன.)

மழை இரவு. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இரண்டு காவலர்கள் ஓர் இளைஞனை மடக்கிப் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள். கைகலப்பில் ஒருவர் எதிர்பாராமல் இறந்துபோகிறார். இன்னொருவர் கெஞ்சுகிறார். இது விபத்துதான், நானே வந்து சொல்றேன் என்கிறார். இளைஞன் ஒரு கணம் யோசிக்கிறான். பிறகு சுட்டுவிடுகிறான்.

இவன் வில்லன் இல்லைங்க. இவன்தான் ஹீரோ, காஸியன் ஆண்டோர். ‘ஸ்டார் வார்ஸ்’ உலகத்தில் நடக்கும் ‘ஆண்டோர்’ தொடர் இப்படித்தான் தொடங்குகிறது. தமிழ்க் காதுக்கு அந்தப் பேர் ‘ஆட்சி செய்தவர்கள்’ என்று கேட்கும். கதை என்னவோ நேர்மாறானது. ஆளப்பட்டவர்கள் எந்தக் கட்டத்தில் திருப்பி அடிக்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் கதை.

*சுருக்கமாக, என்ன தொடர் இது?*

டோனி கில்ராய் உருவாக்கிய இந்தத் தொடரின் முதல் சீசன் 2022-லும், இரண்டாவதும் கடைசியுமான சீசன் 2025-லும் வெளியாகின. சீசனுக்கு 12 எபிசோடு, மொத்தம் 24. 2016-ல் வந்த ‘ரோக் ஒன்’ படத்துக்கு முன்கதை இது. அந்தப் படத்தின் முடிவில் காஸியன் இறந்துவிடுவான் என்பது பார்ப்பவர்களுக்கு முன்பே தெரியும். அதனால் ‘பிழைப்பானா?’ என்கிற சஸ்பென்ஸுக்கே இடமில்லை. ‘எப்படிப்பட்ட ஆளாகச் சாகப்போகிறான்?’ என்பதுதான் கேள்வி.

ஸ்டார் வார்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் லைட்சேபர் இதில் ஒருமுறைகூட ஒளிர்வதில்லை. ஸ்கைவாக்கர் குடும்பத்து ஆட்களும் கிடையாது.

*நல்ல நோக்கம், மோசமான வேலை*

புரட்சியைப் பின்னாலிருந்து நடத்துபவர் லூத்தன். பகலில் தலைநகரில் பழங்காலக் கலைப்பொருட்கள் விற்கும் சிரித்த முகக் கடைக்காரர். எதிரியின் உளவுத் துறைக்குள் லானி என்கிற ஆளை வைத்திருக்கிறார். கிரீகர் என்கிற சக புரட்சியாளர் ஒரு பொறியில் சிக்கப்போகிறார் என்று லானி மூலம் லூத்தனுக்குத் தெரியவருகிறது. எச்சரித்தால் கிரீகரும் அவருடைய ஆட்களும் பிழைப்பார்கள். ஆனா தகவல் எங்கிருந்து கசிந்தது என்று எதிரி தேடுவான், லானி மாட்டிக்கொள்வார். லூத்தன் வாயைத் திறக்கவில்லை. கிரீகர் குழு அழிகிறது.

அத்தனை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அதே லானியை, இரண்டாவது சீசனில், கடைசித் தகவலைக் கொண்டுவந்து கொடுத்ததும் லூத்தனே கொன்றுவிடுகிறார். இனிமேல் மறைந்திருக்க முடியாத ஆள், ஆபத்து. குடும்பத்தோடு தப்பிக்க வழி கேட்டு வந்த மனிதர் அவர்.

லூத்தன் செய்தது சரியா? தொடர் தீர்ப்புச் சொல்வதில்லை. அவர் இல்லாவிட்டால் புரட்சியே இல்லை என்பதையும் காட்டுகிறது, அவரால் செத்தவர்களின் முகத்தையும் காட்டுகிறது. ரசிகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

*துப்பாக்கி தொடாதவர்களும் தப்பவில்லை*

மான் மாத்மா ஒரு செனட்டர். ரகசியமாகப் புரட்சிக்குப் பணம் அனுப்புகிறார். கணக்கில் விழுந்த ஓட்டையை அடைக்க ஒரு மோசடிப் பணக்காரரின் உதவி தேவைப்படுகிறது. அவர் பதிலுக்குக் கேட்பது, தன் மகனையும் மான் மாத்மாவின் பதின்வயது மகளையும் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும் என்பது. அது கல்யாணத்தில் முடிகிறது.

அந்தக் கல்யாண வீட்டிலேயே இன்னொரு அடி. பண விஷயம் முழுவதும் தெரிந்த பால்ய நண்பர் டே கோல்மா, தனக்கும் காசு வேண்டும் என்று ஜாடையாகக் கேட்க ஆரம்பிக்கிறார். அவரை உயிரோடு விட லூத்தன் தயாரில்லை. அது மான் மாத்மாவுக்கும் புரிகிறது. தடுக்கவில்லை. நண்பர் வண்டியேறிப் போகிறார். இவர் மகளின் கல்யாணத்தில் வெறிபிடித்தவர் போல ஆடுகிறார். ஒரு சொட்டு ரத்தம் காட்டப்படவில்லை. ஆனாலும் தொடரின் மிகக் கொடூரமான காட்சிகளில் அதுவும் ஒன்று.

*வில்லன்களுக்கு புரமோஷன்தான் வேணும்*

எதிர்ப்பக்கம் இருப்பவர்களும் ராட்சசர்கள் இல்லை. உளவு அதிகாரி டெட்ரா மீரோ, ஆண்கள் நிறைந்த மீட்டிங்கில் தன் பேச்சைக் கேட்கவைக்கப் போராடும் புத்திசாலிப் பெண். முதல் சில எபிசோடுகளில் அவர் ஜெயிக்க வேண்டும் என்று நமக்கே தோன்றும். அப்புறம்தான் உறைக்கும், அவர் ஜெயித்தால் என்ன நடக்கும் என்று.

சிரில் கார்ன் இன்னும் சங்கடமானவர். அந்த இரண்டு காவலர்கள் கொலையை விபத்து என்று எழுதி மூடிவிடச் சொல்கிறார் மேலதிகாரி. சிரில் மறுக்கிறார். நேர்மையான ஆள்தானே? ஆனால் அந்த நேர்மை, யாருக்காக வேலை செய்கிறோம் என்று ஒருநாளும் கேட்பதில்லை. கோர்மன் என்கிற கிரகத்தில் வெளியாட்களின் சதியைப் பிடிக்கப்போவதாக நம்பி உழைக்கிறார். மண்ணுக்கடியில் இருக்கும் கனிமத்துக்காக அந்த ஊரையே அழிக்கப் போட்ட திட்டத்தில் தானும் ஒரு கருவி என்பது படுகொலை நாளில்தான் தெரிகிறது. ஆபீஸில் ‘சொன்னதைச் செஞ்சேன்’ என்று ஒருமுறையாவது சொல்லியிருப்பவர்களுக்கு இந்தப் பாத்திரம் சுருக்கென்று குத்தும்.

*இது கற்பனை மட்டும்தானா?*

கில்ராய் வரலாற்றிலிருந்து எடுத்ததை மறைக்கவில்லை. முதல் சீசனின் சம்பளப் பணக் கொள்ளைக்குத் தூண்டுதல், 1907-ல் டிஃப்லிஸ் நகரில் இளம் ஸ்டாலின் உள்ளிட்ட போல்ஷெவிக்குகள் நடத்திய வங்கிப் பணக் கொள்ளை. கோர்மனை அழிக்க அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நிதானமாகப் பேசும் காட்சிக்குப் பின்னால், 1942-ல் பெர்லினின் வான்சீ பகுதியில் யூதர்களைக் கொன்றழிப்பது பற்றி நாஜி அதிகாரிகள் நடத்திய கூட்டம் இருக்கிறது.

படுகொலையைத் தொடங்கிவைக்க, அரசின் துப்பாக்கி வீரரே சொந்தச் சிப்பாய் ஒருவரைச் சுடுகிறார். பழி கூடியிருந்த மக்கள் மேல். செய்தியாளர்கள் அதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். செய்தித் தளத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு அந்தக் காட்சி சீக்கிரம் மறக்காது.

*‘ரொம்ப ஸ்லோ’ என்கிறார்களே?*

உண்மைதான். நானும் முதல் எபிசோடோடு நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் கழித்துத்தான் திரும்பி வந்தேன். முதல் மூன்றையும் ஒரே படமாக நினைத்துப் பாருங்கள், வெளியானபோதும் மூன்றையும் சேர்த்தேதான் விட்டார்கள். எட்டாவதில் சிறை வரும்போது அந்தப் பொறுமைக்குக் கூலி கிடைத்துவிடும். இந்தியாவில் ஜியோஹாட்ஸ்டாரில் பார்க்கலாம்.

அந்தச் சிறையில் கைதிகள் எதற்கென்றே தெரியாமல் இரும்புப் பாகங்களைக் கோக்கிறார்கள். மேஸ்திரி கீனோ லாய். தண்டனைக் காலம் முடிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிக் கைதிகளை விரட்டி வேலை வாங்கியவர். யாரையும் விடப்போவதில்லை என்று தெரிந்ததும் கலகத்துக்கு அவரே தலைமை ஏற்கிறார். எல்லோரும் ஓடி வெளியே வந்தால் சுற்றிலும் கடல். ஒவ்வொருவராகக் குதிக்கிறார்கள். கீனோ மட்டும் விளிம்பில் நிற்கிறார். அவருக்கு நீந்தத் தெரியாது.

தொடரில் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே முடியாது. காஸியனும் மற்றவர்களும் கோத்த பாகங்கள் எங்கே போயின என்பதை முதல் சீசனின் கடைசியில், டைட்டிலுக்குப் பிறகு காட்டுகிறார்கள். எழுந்து போய்விடாதீர்கள். ‘ரோக் ஒன்’ பார்த்தவர்களுக்கு அது என்ன ஆயுதம், பின்னால் யாருடைய உயிரை எடுக்கும் என்று தெரியும்.