டேக்குகளின் பிறவிக் குணம்

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். சிவகாசிப் பட்டாசுக் கடைக்காரர் ஒருவர் ராத்திரி 10.30 மணிக்கு போன் போட்டார். "தம்பி, 'சரவெடி'ய அமுக்கிட்டுத் திரும்ப 'எல்லாம்'னு அமுக்குனா, புஸ்வாணமும் மத்தாப்பும் விலையோட சேந்து ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு நிக்குது. ஆர்டர் போயிருமே!"

வெப்சைட் நான் செய்து கொடுத்தது, தப்பும் என்னுடையதுதான். விலைப் பட்டியல் டேபிளில் வேண்டாத வரிசைகளை ஒளிக்க, ஸ்கிரிப்டில் அவற்றின் 'டிஸ்ப்ளே'யை 'நன்' ஆக்கியிருந்தேன். திரும்பக் காட்ட 'பிளாக்' என்று எழுதிவிட்டேன். பத்திக்கும் தலைப்புக்கும் அது பொருந்தும். டேபிளின் வரிசைக்கோ பிறவியிலேயே 'டேபிள் ரோ' என்ற மதிப்பு உண்டு. அது பறிபோனால் பெயர், அளவு, விலை எல்லாம் முதல் கட்டத்தின் அகலத்துக்குள் முண்டியடிக்கும்.

பிறவியில் அந்த மதிப்பைக் கொடுத்தது யார்? பிரௌசர். குரோமோ ஃபயர்பாக்ஸோ, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஸ்டைல் ஷீட்டோடுதான் வருகிறது. சந்தேகமிருந்தால் நோட்பேடில் ஒரு எச்1 தலைப்பு, ஒரு பத்தி, ஒரு லிங்க் அடித்து எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்துத் திறந்து பாருங்கள். நீங்கள் எதுவுமே சொல்லாமல் தலைப்பு தடித்து நிற்கும், லிங்க் நீலமாகி அடிக்கோடு வாங்கும், நாலு ஓரத்திலும் 8 பிக்சல் இடைவெளி விழும்.

வரிசையைத் திரும்பக் காட்டும்போது அதற்கே கொடுக்க, இந்தப் பிறவிக் குணத்தை ஸ்கிரிப்டால் படிக்க முடியுமா? 'கெட் கம்ப்யூட்டட் ஸ்டைல்' என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் அது முடிந்த கணக்கை மட்டும்தான் சொல்லும், யார் போட்ட கணக்கு என்று சொல்லாது. கடையின் தலைப்பைக் கேட்டால் 28 பிக்சல் என்றது. அது நான் எழுதியது. பிரௌசரை அதன் போக்கில் விட்டிருந்தால் 32 வந்திருக்கும்.

அதனால் வரிசை, தலைப்பு என எந்த டேக்கானாலும் அதை நம் பக்கத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய் விசாரிக்க வேண்டும். பக்கத்துக்குள் தனிப் பக்கமாக நிற்கும் ஒரு வெற்று ஐஃபிரேமை வைத்தால், வெளியே உள்ள ஸ்டைல் எதுவும் அதற்குள் எட்டிப்பார்க்காது. உள்ளே அதே வகை டேக் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, பாடியில் சேர்த்து, கேட்டுவிட்டு, ஐஃபிரேமையே அகற்றிவிடலாம். சேர்க்க மறந்தால் குரோம் வெற்றுப் பதிலைத்தான் நீட்டும். டேபிள் வரிசையை 'இன்னர் எச்டிஎம்எல்' வழியாக நேரே பாடியில் எழுதவும் கூடாது. டேபிள் இல்லாத இடத்தில் அந்த டேக்கைப் பிரௌசர் கழற்றி எறிந்துவிடும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஜான் ரெசிக் 2006-இல் வெளியிட்ட ஜேகுவெரி என்ற ஸ்கிரிப்ட் நூலகத்தின் பழைய பதிப்புகளில், ஒளித்ததைக் காட்டும் 'ஷோ' கட்டளையைக் கொடுத்தால் உள்ளே நடந்தது ஏறக்குறைய இதுதான். முதலில் நம் பக்கத்திலேயே ஒரு புது டேக்கைப் போட்டுப் பார்க்கும். அதுவும் 'நன்' என்று கைவிரித்தால் ஐஃபிரேமைத் திறக்கும்.

ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்து எழுந்தது. வெற்று ஐஃபிரேம் 'குவர்க்ஸ் மோட்' எனும் பழைய காலத்துப் பழக்கத்தில் திறக்கும். அதில் எழுத்துப் பெட்டியின் 'பாக்ஸ் சைசிங்' என்ன என்று கேட்டால் 'பார்டர் பாக்ஸ்' என்கிறது. இன்றைய முறைப்படி எழுதிய பக்கத்தில் அதே பெட்டி 'கன்டென்ட் பாக்ஸ்' என்கிறது. ஐஃபிரேமின் உள்ளடக்கத்தை 'எஸ்ஆர்சி டாக்' வழியாகக் கொடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

அன்று ராத்திரி இத்தனையும் எழுதி முடித்து, வரிசைக்கு 'டேபிள் ரோ' என்ற பதிலையும் வாங்கி, பெருமையாக ஒரு டீ போட்டுக் குடித்தேன். அப்புறம்தான் உறைத்தது, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறேன் என்று. வரிசையை ஒளித்தது நான் எழுதிய ஒரு சொல். அதை அழித்துவிட்டால் பிரௌசர் தன் சொல்லைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ஒரு பக்கத்தின் தோற்றத்தை அப்படியே மெயிலுக்குள் நகலெடுக்கும் கருவி செய்கிறவர்களுக்கு ஐஃபிரேம் விசாரணை அவசியம். எது நாம் எழுதியது, எது பிரௌசருடையது என்று அவர்கள் பிரித்தாக வேண்டும். பட்டாசுப் பட்டியலுக்கு அது தேவையே இல்லை. எழுதிய 40 வரிகளையும் அழித்தேன். 'பிளாக்' இருந்த இடத்தில் இப்போது உள்ளே ஒன்றுமில்லாத இரண்டு மேற்கோள் குறிகள் இருக்கின்றன.