நடு தவறினால் காடி தவறும்

கேரளத்தில் நிலம்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. தேக்கு மரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். 1840-களிலேயே அங்கே தேக்குத் தோட்டம் போட்டார்கள். இன்றும் அந்தப் பக்கத்தில் மரவேலைப் பட்டறைகள் உண்டு.

அப்படி ஒரு பட்டறையை நினைத்துக்கொள்வோம். அங்கே இளைய ஆசாரி ஒருவர் புத்தக அலமாரி செய்கிறார். பக்கப் பலகை இரண்டும் நல்ல தேக்கு. தட்டுகள் உட்கார, பக்கப் பலகையில் காடி எடுக்க வேண்டும். கையில் ரூட்டர் மெஷின். பலகையின் மேல் நேரான மரப்பட்டி ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். அந்தப் பட்டியை ஒட்டியே மெஷினைத் தள்ளினார்.

பாதி தூரம் போனதும் வயர் சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்தினார். வயரை விடுவித்தார். மறுபக்கம் போய் நின்று, மெஷினைத் திருப்பிப் பிடித்து மீதி காடியை எடுத்தார்.

முடித்துப் பார்த்தால் காடி நேராக இல்லை! பாதி வரை ஒரு கோடு. அதற்கு மேல் 2 மில்லிமீட்டர் தள்ளி வேறு கோடு. தேக்குப் பலகை வீணாகிவிட்டது.

"பட்டி நகர்ந்திருக்கும்" என்றார் ஒருவர். "கை நடுங்கியிருக்கும்" என்றார் இன்னொருவர். இளையவருக்கு முகம் வாடிவிட்டது.

மூத்த ஆசாரி வந்தார். பட்டியைத் தொட்டுப் பார்த்தார். அது அசையவில்லை. மெஷினைக் கவிழ்த்து, அடித்தட்டைப் பார்த்தார்.

"உன் கையில் குற்றம் இல்லை. தட்டு நடுவில் இல்லை" என்றார்.

"புது மெஷின்தானே, ஆசானே?" என்று கேட்டார் இளையவர்.

"புதியது என்றால் சரியானது என்று அர்த்தமா?" என்றார் மூத்தவர்.

அவர் சொன்னது என்ன? பார்ப்போம்.

ரூட்டர் எப்படி வேலை செய்கிறது?

ரூட்டரில் ஒரு மோட்டார் இருக்கிறது. அதன் நுனியில் ஒரு கவ்வி உண்டு. அதைக் காலட் என்பார்கள். வெட்டும் பிட்டைக் காலட் பிடித்துக்கொள்ளும். மோட்டார் மிக வேகமாகச் சுற்றும். பல மெஷின்கள் நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று வரை சுற்றும்.

மெஷினுக்கு அடியில் வழவழப்பான ஒரு தட்டு இருக்கும். பெரும்பாலும் அது கறுப்புப் பிளாஸ்டிக். மூன்று அல்லது நான்கு ஸ்குரூ போட்டு அதைப் பொருத்தியிருப்பார்கள். அதுதான் அடித்தட்டு. தட்டின் நடுவில் ஒரு துளை உண்டு. அதன் வழியே பிட் வெளியே வரும்.

பிட் தட்டின் சரியான நடுவில் இருக்க வேண்டும். இருந்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் தட்டின் விளிம்புக்கும் பிட்டுக்கும் ஒரே தூரம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தட்டு வட்டமானது. அகலம் 150 மில்லிமீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்கு 75 மில்லிமீட்டர். தட்டு 1 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தூரம் 74. எதிர்ப்பக்கம் தூரம் 76. மெஷினைப் பாதிச் சுற்று திருப்பினால் காடி 2 மில்லிமீட்டர் விலகும்.

இளைய ஆசாரிக்கு நடந்தது இதுதான். தட்டின் தவறு 1 மில்லிமீட்டர். காடியில் அது இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

அச்சு வைத்து வெட்டும்போதும் இதே தொல்லை வரும். அச்சைத் தொட்டுக்கொண்டு போக, தட்டின் துளையில் ஒரு வளையம் மாட்டுவார்கள். வளையம் 16 மில்லிமீட்டர், பிட் 6 மில்லிமீட்டர் என்றால், சுற்றிலும் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தட்டு அரை மில்லிமீட்டர் தள்ளினால் ஒரு பக்கம் நாலரை, மறுபக்கம் ஐந்தரை ஆகிவிடும். வெட்டிய துண்டு அச்சைப் போல வராது.

சோதிப்பது எப்படி?

நல்ல மரத்தில் கை வைக்கும் முன் கழிவுப் பலகையில் சோதிக்க வேண்டும்.

1. பிளக்கைப் பிடுங்குங்கள். தட்டின் விளிம்பில் நான்கு பக்கமும் 1, 2, 3, 4 என்று வரிசையாகச் சுற்றி எழுதுங்கள்.

2. கழிவுப் பலகையின் மேல் நேரான பட்டியைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

3. மெல்லிய பிட்டை மாட்டுங்கள். ஆழம் 2 மில்லிமீட்டர் போதும். கண்ணாடி அணிந்துகொண்டு பிளக்கை மாட்டுங்கள்.

4. எண் 1 பட்டியைத் தொடும்படி பிடித்து, ஒரு சாண் நீளம் காடி எடுங்கள். மெஷினை நிறுத்துங்கள். பிட் சுற்றுவது முழுவதும் நின்ற பிறகு தூக்குங்கள்.

5. அந்தக் காடி முடிந்த இடத்திலிருந்து எண் 2 பட்டியைத் தொடும்படி பிடித்து எடுங்கள். பிறகு எண் 3. பிறகு எண் 4.

நான்கு காடியும் ஒரே கோடாக இருக்கிறதா? தட்டு சரி. படி படியாக விலகி இருக்கிறதா? தட்டு நடுவில் இல்லை.

சரி செய்வது எப்படி?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். இதை மறக்கவே கூடாது. பிட்டைக் கழற்றிவிடுங்கள்.

இந்த வேலைக்கென்றே ஒரு கூம்பு கிடைக்கிறது. அதன் ஒரு முனையில் நேரான கம்பி இருக்கும். மெஷினைக் கவிழ்த்து வையுங்கள். உயரம் மாறாதபடி பூட்டுங்கள். தட்டின் ஸ்குரூக்களைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். கூம்பின் கம்பியைத் தட்டின் துளை வழியே காலட்டில் செருகுங்கள். கம்பி ஆடக் கூடாது. ஆனால் வழுக்கி இறங்க வேண்டும். அந்த அளவுக்குக் காலட்டை இறுக்குங்கள்.

இப்போது கூம்பை மெல்ல அழுத்துங்கள். கூம்பு துளையின் ஓரத்தில் சுற்றிலும் படியும். தட்டு தானாக நகர்ந்து நடுவுக்கு வரும். அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்குரூக்களை இறுக்குங்கள். ஒரே ஸ்குரூவை முழுவதும் இறுக்கிவிடாதீர்கள். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு கூம்பை எடுத்துவிடுங்கள்.

கூம்பு இல்லையா? கடைசல் பட்டறையில் கெட்டி மரத்தில் கடைந்து வாங்கலாம். கம்பியும் கூம்பும் ஒரே நேரில் இருக்க வேண்டும். கம்பி உங்கள் காலட்டின் அளவில் இருக்க வேண்டும்.

கூம்பு துளையைத்தான் நடுவுக்குக் கொண்டுவரும். தட்டின் துளையே விளிம்புக்கு நடுவில் இல்லாமல் போகலாம். அதனால் மறுபடியும் நான்கு காடி எடுத்துச் சோதியுங்கள்.

விளிம்பு இன்னும் சரியாக இல்லை என்றால் என்ன செய்வது? எண் 1, எண் 3 காடிகளுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்று அளங்கள். அதில் பாதி அளவு தட்டை நகர்த்துங்கள். எந்தப் பக்கக் காடி பட்டிக்கு அருகில் விழுந்ததோ, அந்தப் பக்கமாகத் தட்டைத் தள்ள வேண்டும். எண் 2, எண் 4 காடிகளுக்கும் இப்படியே செய்யுங்கள். ஆனால் இப்படி நகர்த்தினால் துளை நடுவிலிருந்து விலகும். அச்சு வளையம் மாட்டும்போது மறுபடியும் கூம்பு வைத்துத் தட்டைப் பொருத்த வேண்டும்.

தட்டு நகரவில்லையா?

ஸ்குரூவின் தலையைப் பாருங்கள். தலையின் அடிப்பக்கம் கூம்பாகச் சரிந்திருந்தால், இறுக்கும்போது அது தட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். அடிப்பக்கம் தட்டையாக உள்ள ஸ்குரூவுக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஏற்றபடி குழியையும் தட்டையாக்க வேண்டும். ஸ்குரூ போகும் துளையைச் சிறிதளவு பெரிதாக்கினால் தட்டு நகர இடம் கிடைக்கும். ஸ்குரூவின் தலை தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மரத்தில் கீறல் விழும்.

செலவில்லாத ஒரு பழக்கம்

தட்டின் விளிம்பில் ஒரு பொட்டு பெயின்ட் வையுங்கள். அந்தப் பொட்டு எப்போதும் பட்டியைத் தொடும்படி மெஷினைத் தள்ளுங்கள். திருப்பாமல் தள்ளினால், தட்டு கொஞ்சம் தவறியிருந்தாலும் காடி நேராகவே வரும். சில மெஷின்களில் தட்டின் ஒரு பக்கம் நேராக வெட்டப்பட்டிருக்கும். அந்த நேர்ப்பக்கத்தைப் பட்டியில் ஒட்டித் தள்ளினாலும் இதே பலன்தான். வயர் சிக்காதபடி தோளின் மேல் போட்டுக்கொண்டு தொடங்குவதும் நல்லது.

நிலம்பூர்ப் பட்டறையில் மூத்தவர் அன்றே தட்டைச் சரி செய்தார். பொட்டு வைத்தது இளையவர். வீணான பலகையையும் அவர்கள் எறியவில்லை. காடி விலகிய பகுதியை அறுத்துவிட்டு, சின்ன அலமாரிக்கு எடுத்து வைத்தார்கள்.

வேலை கெட்டால் முதலில் கையைக் குறை சொல்கிறோம். கருவியையும் ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். அளந்து பார்க்க அரை மணி நேரம் போதும். தேக்கு மரம் வளர எத்தனை ஆண்டு ஆகும்?

பதில் சொல்லுங்கள்

1. தட்டு 2 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. மெஷினைப் பாதிச் சுற்று திருப்பினால் காடி எவ்வளவு விலகும்?

2. தட்டைத் தொடும் முன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

3. கூம்பு வைத்துச் சரி செய்த பிறகும் ஏன் மறுபடி சோதிக்க வேண்டும்?