கடுகைவிடச் சின்னக் குளவியும் அதன் சொந்தக்காரர்களும்



குளவி என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மண்கூடு கட்டும், கொட்டினால் வீங்கும், அவ்வளவுதானே! ஆனால் உலகத்தில் உள்ள குளவி இனங்களில் பெரும்பாலானவை நம்மைக் கொட்டுவதே இல்லை. அவை மற்ற பூச்சிகளின் உடம்பிலோ முட்டையிலோ முட்டை வைத்து வாழும் ஒட்டுண்ணிக் குளவிகள்.

கரும்பு போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு டிரைக்கோ அட்டை தெரிந்திருக்கும். அதில் கறுப்பாக ஒட்டியிருப்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் டிரைக்கோகிரம்மா என்ற குளவி வளர்கிறது. அது சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளியே வந்ததும் இடைக்கணுப் புழுவின் முட்டையைத் தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்கவே பிறக்காது.

இதன் வகைப்பாட்டைப் பார்ப்போமா?

தொகுதி – கணுக்காலிகள்
வகுப்பு – பூச்சிகள்
வரிசை – ஹைமனாப்டிரா
பெருங்குடும்பம் – சால்சிடாய்டியா
குடும்பம் – டிரைக்கோகிரம்மாடிடே
பேரினம் – டிரைக்கோகிரம்மா
சிற்றினம் – கைலோனிஸ்

ஹைமனாப்டிரா வரிசையில்தான் எறும்பும் தேனீயும் இருக்கின்றன. இந்த வரிசையின் பழைய பூச்சிகளுக்கு ஒடுங்கிய இடுப்பு கிடையாது, அவற்றின் புழுக்கள் செடிகளைத் தின்றன. பிறகு இடுப்பு ஒடுங்கிய ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தன. அவற்றில் ஒரு கிளையில் முட்டை வைக்கும் குழாயே கொடுக்காக மாறியது. அந்தக் கிளையிலிருந்து வந்தவைதான் எறும்பும் தேனீயும். அதனால்தான் பெண் தேனீ மட்டும் கொட்டும், ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை!

சால்சிடாய்டியாவில் 2022-ல் விஞ்ஞானிகள் 50 குடும்பங்களைப் பிரித்தார்கள். அத்திப் பழத்துக்குள் இருக்குமே குட்டிக் குளவி, அதுவும் நம்ம டிரைக்கோவுக்குப் பங்காளிதான். மைமாரிடே என்ற குடும்பம்தான் முதலில் தனியாகப் பிரிந்துபோனது. உலகத்திலேயே மிகச் சின்னப் பூச்சியும் அந்தக் குடும்பம்தான். அதன் ஆண் 0.139 மி.மீ. தான், கண்ணும் இல்லை, இறகும் இல்லை.

கண்ணுக்கே தெரியாததை எப்படிப் பிரிக்கிறார்கள்? டிரைக்கோ குடும்பத்துக்குப் பாதத்தில் மூன்றே துண்டுகள், பங்காளிகளில் பலருக்கு நாலு அல்லது ஐந்து. இறகில் முடிகள் வரி வரியாக இருக்கும். கிரேக்க மொழியில் முடி, வரி என்ற சொற்களைச் சேர்த்து வைத்த பெயர்தான் டிரைக்கோகிரம்மா. இந்தப் பேரினத்தில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. நம் நாட்டுக் குளவிக்கே ரொம்ப நாள் வேறு இனத்தின் பெயர் இருந்தது. சுதா நாகர்கட்டி என்ற பெண் விஞ்ஞானியும் எச். நாகராஜாவும், ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இனத்தைச் சரியாகப் பிரிக்கலாம் என்று 1971-ல் விளக்கமாக எழுதினார்கள்.

பெயரில் என்ன இருக்கு என்று கேட்காதீர்கள். கரும்புக்குக் கைலோனிஸ், நெல் தண்டுத் துளைப்பானுக்கு ஜப்பானிக்கம். ஆள் மாறினால் வேலை நடக்காது.

எங்கள் கரும்புக்கு இப்போது நாலு மாதம். அப்பா அட்டை கட்டியிருக்கிறார். "கண்ணுக்கே தெரியாதது என்னத்தைக் கிழிக்கப் போவுது, மருந்தை அடி" என்கிறார் சித்தப்பா. வீட்டில் தினமும் இதே பேச்சுதான். கணுவுக்குள் புகுந்துவிட்ட புழுவை மருந்து எட்டுவது கஷ்டம். ஆனால் வெளியே இலையில் நடக்கும் குளவி செத்துப்போகும். அட்டைக்குக் கொடுத்த காசும் போச்சு, குளவியும் போச்சு. 15 நாளைக்கு ஒரு தடவை என்று 6 தடவை கட்ட வேண்டும், அதுவரை பொறுக்க வேண்டும் என்று நான் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் அட்டை கட்டியிருந்தால், மருந்து அடிக்க வேண்டாம் என்று நீங்களும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை சொல்லை யார் கேட்பார் என்று நினைக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் குளவியே ஒரு தோட்டத்தைக் காப்பாற்றுகிறதே!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி